இடி இடித்ததும் நான் பிடுங்கிய பிளக்

ஐப்பசியில் எங்கள் பக்கத்து வானம் லேசாக உறுமினாலே போதும், வீட்டிலுள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிடுவோம். டிவி, பிரிட்ஜ், மோடம் எதற்கும் விலக்கு கிடையாது. இதற்கு மூளை தேவையில்லை, கையே பார்த்துக்கொள்ளும். அன்று மத்தியானமும் என் கை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

கடைசியாகப் பிடுங்கியது மனைவியின் லேப்டாப் பிளக். அதன் பேட்டரி பேருக்குத்தான் இருந்தது. 'பயாஸ் அப்டேட் நடக்கிறது, மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்' என்று திரையில் இருந்ததை, திரை இருண்ட பிறகுதான் என் மூளை வாசித்து முடித்தது. லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அந்த அப்டேட்டைத் தொடங்கியவனும் நானே. யாரும் கேட்கவில்லை. லேப்டாப் மந்தமாக இருக்கிறதே, அவளுக்கு ஓர் உபகாரம் செய்வோமே என்று தோன்றியது.

உள்ளே அவளுடைய பிஎச்.டி. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். அவளோ நாகர்கோவில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

திரும்ப மாட்டிப் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. லேப்டாப்பின் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஈரத்துணியால் முகம்கூடத் துடைத்துவிட்டேன். பிறகு, துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சினனைப் போனில் பிடித்தேன்.

"அத்தான், அக்காளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஒன்ன விளிக்கதுக்கு நான் உசிரோட இருப்பனா மக்கா?"

அவன் சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னான். என் ஆபீஸ் லேப்டாப்பில் பயாஸ் கோப்பை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, செத்ததில் சொருகினேன். அவன் சொன்ன இரண்டு விசைகளை அமுக்கிப் பிடித்தபடி சார்ஜரை மாட்டினேன். விசிறி ஊளையிட்டது.

"இப்பவாவது பிளக்கப் புடுங்காம இரியும்," என்றான்.

அப்போது பார்த்து அடுத்த இடி, தலைக்கு நேர் மேலே. எங்களோடு இருக்கும் மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"மருமவனே, பிளக்கப் புடுங்குங்க!"

நான் சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்து நின்றேன். "கர்த்தர் பாத்துக்கிடுவாரு மாமி."

"அவரு பாப்பாரு. நீங்க பிளக்கப் புடுங்குங்க!"

என் வலது கையும் மாமியார் கட்சிதான். அதை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

திரை வெளிச்சமானது. நான் போட்ட சத்தத்தில் மாமியார் ஸ்தோத்திரம் சொன்னார். ஆனால் அடுத்த நொடியே நீலத்திரை வந்து, பூட்டைத் திறக்க ஒரு நீண்ட எண்ணைக் கேட்டது.

"அது அக்காளுக்க அக்கவுண்ட்லதான் இருக்கும்," என்றான் மச்சினன். "நான் இந்த விசயத்திலயே இல்ல அத்தான்." போன் கட்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியை அழைத்தேன். "சும்மாதான். ஒரு நம்பர் வேணும்..."

"லேப்டாப்ப என்ன செஞ்சிய?"

சொன்னேன். கல்லூரி விட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவள், போனிலேயே தன் அக்கவுண்டைத் திறந்தாள். பிறகு வகுப்பில் கணக்குப் போடச் சொல்வதுபோல எண்களை உரக்க வாசித்தாள். ஒவ்வொன்றாகத் தட்டினேன், பூட்டு திறந்தது.

"அத்தியாயம் இருக்கா?"

"இருக்கு. முழுசா இருக்கு."

"செரி. நான் வாறது வர அதைத் தொடப்பிடாது. பஸ் தக்கலை தாண்டியாச்சு."

லேப்டாப்புக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.