ஆறு பேருக்குப் போட்ட தீவுப் பயணம்

வெள்ளி, காலை 6.10. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் என் வீட்டிலிருந்து கார் புறப்பட்டது. பின் இருக்கையில் ஆறு பேருக்குக் காணும் ஆட்டிறைச்சிக் கறி, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி இரண்டு, ரைஸ் குக்கர், ஒரு பெட்டி மாம்பழம். கறிச்சட்டிக்கு இருக்கைப் பட்டியும் போட்டிருந்தேன். ஆள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். மற்ற ஐந்து பேரும் புரோசார்ட் என்ற பக்கத்து ஊரிலிருந்து வருவதாகத் திட்டம். அங்கே மகள் ரம்யா, மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மகன் கோபி முதல்நாளே அங்கு வந்து அவர்களோடு சேர்ந்துகொள்வான். பிற்பகல் ஒரு மணிக்குப் படகுத்துறையில் எல்லோரும் சந்திப்பது.

இந்தத் திட்டத்தை நான் மாசி மாதமே தொடங்கிவிட்டேன். புவாண்ட்-கிளேரில் ஒரு பொருட்கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக லொறிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறவன் நான். நாற்பது லொறியை மேய்க்கிறவனுக்கு ஆறு பேரைத் தீவுக்குக் கொண்டுபோவதா பெரிய காரியம்? வட்சப்பில் 'தீவு' என்று ஒரு குழு தொடங்கினேன். மூன்று நாளுக்கும் மணிவாரியாக அட்டவணை போட்டேன். சைக்கிளில் தீவைச் சுற்றுவது, கடல் வற்றும் நேரத்தில் நடப்பது, பறவை பார்ப்பது. நான் எதைப் போட்டாலும் இரண்டு பிள்ளைகளிடமிருந்தும் ஒரு கட்டைவிரல் படம் வந்து நிமிர்ந்து நிற்கும்.

என் மனைவி வசந்தி இறந்து இரண்டு வருடம். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் ஒரு கூரையின் கீழ் படுத்து எழும்பியதில்லை. இந்த மூன்று நாளாவது கிடைத்துவிடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடலைத் தேர்ந்ததும் அவர்களுக்காகத்தான். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது, "பிள்ளையளுக்குக் கடலெண்டால் உயிர், ஒருக்கா கூட்டிக்கொண்டு போவமே" என்று வசந்தி ஒவ்வொரு கோடையிலும் கேட்பாள். மேலதிக வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிப்பேன். எல்லாமாக மூன்று தரம் கூட்டிப்போயிருப்பேன்.

காலை 10.45. கியூபெக் நகரத்தைத் தாண்டி, 138ஆம் பாதையிலிருந்து 362க்கு இறங்கினேன். தீவுக்குப் படகு புறப்படும் செந்-யோசெப்-டு-லா-ரீவ் என்ற சிற்றூர் மலையடியில் இருக்கிறது. அங்கே இறங்கும் சரிவு லேசுப்பட்டதல்ல. பிரேக்கில் காலை அழுத்தியபடி, கண்ணாடியில் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து இங்கு வரை ஏறக்குறைய 380 கிலோமீற்றர்.

பிற்பகல் 1.00. படகுக்குக் கட்டணமில்லை, காரோடு அப்படியே ஏறலாம். பின்னால் வந்த கார்களை முன்னே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். ஒரு படகு போயிற்று. இன்னொன்று வந்து, அதுவும் போயிற்று. மஞ்சள் மேலங்கி போட்ட படகுப் பணியாள் ஒருவன் வந்து, ஏறப்போகிறீர்களா இல்லையா என்று பிரெஞ்சில் கேட்டான். குடும்பம் வருகிறது என்றேன். "எத்தனை கார்?" என்றான். ஒன்று என்று விரலைக் காட்டினேன்.

1.40க்கு ரம்யாவை அழைத்தேன்.

"அப்பா, நீங்கள் உண்மையாவே அங்க நிக்கிறியளோ?"

"வேற எங்க நிக்கிறது? ஒரு மணியெண்டு போட்டனான்தானே."

"கோபி உங்களுக்குச் சொல்லேல்லையே? அவனுக்கு லீவு கிடைக்கேல்லை. சின்னவளுக்கு நாளைக்கு நீச்சல் போட்டி. அவன் எல்லாத்தையும் சொல்லியிருப்பான் எண்டு நான் நினைச்சன்."

"விரல் போட்டனியள், ரெண்டு பேரும்."

"அது பாத்திட்டம் எண்டு, அப்பா."

அவள் சொல்லியிருப்பாள் என்று அவன் நினைத்திருக்கிறான். அவன் சொல்லியிருப்பான் என்று இவள். எங்கள் வீட்டில் 'இல்லை' என்ற சொல் என்னிடம் நேராக வந்ததே கிடையாது. பிள்ளைகள் தாயிடம் சொல்வார்கள். அவள் நான் தேநீர் குடித்து முடியும் வரை பொறுத்திருந்து, பக்குவமாக என் காதில் போடுவாள். என் பிள்ளைகள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்கள் என்று வேலைத்தலத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

பிற்பகல் 2.30. திரும்பிப் போக ரோசம் விடவில்லை. படகில் ஏறினேன், இருபது நிமிடத்தில் தீவு. அதன் பெயர் இல்-ஓ-கூத்ர். சுற்றிவர இருபத்திமூன்று கிலோமீற்றர் சாலை, பழைய காற்றாலை ஒன்று, ஆப்பிள் தோட்டங்கள். புவாண்ட்-கிளேரில் என் வேலைத்தலத்துக்குப் பக்கத்தால் ஓடும் அதே சென் லோரன்ஸ் ஆறுதான் இங்கே அகன்று உப்புக் கரிக்கிறது. தீவுச் சனங்கள் இதைக் கடல் என்றே சொல்கிறார்கள்.

வாடகை வீட்டில் மூன்று அறை. கட்டிலுக்கு இரண்டாக ஆறு துவாய்களை மடித்து வைத்திருந்தாள் வீட்டுக்காரம்மா. எழுபது வயது இருக்கும். மற்றவர்கள் எங்கே என்று கேட்டாள். பிறகு வருவார்கள் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

மாலை 4.00. அட்டவணைப்படி கடல் வற்றும் நேரம், ஆகவே நடந்தேன். தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, சேறும் பாசியும் கல்லுமாகக் கிடந்தது. நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. "அங்க பார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பக்கத்தில் யாருமில்லை என்பது உறைத்தது. புட்டு அவித்தபோதும் கை பழக்கத்தில் கூடுதலாக அவித்துவிட்டேன். கறியில் ஒரு கிண்ணம் வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் உறைப்பில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டாள். "அப்ப நாளைக்கு வந்துவிடுவார்களா?" என்று மறுபடி கேட்டாள். ஆமென்று தலையை ஆட்டினேன்.

சனி, காலை 10.40. இன்னும் இரண்டு நாள் மிச்சமிருக்க, சாமானைக் கட்டிக்கொண்டு படகு வரிசையில் நின்றேன். வெறும் அறைகளுக்கு நடுவே இன்னொரு இரவு என்னால் ஏலாது. அப்போது ரம்யா அழைத்தாள்.

"கோவமோ அப்பா?"

"கோவமில்லை. ஏன் ஒருத்தரும் எனக்கு நேர சொல்லேல்லை?"

"அம்மாட்டச் சொல்லித்தானே பழக்கம். உங்களிட்ட எப்பிடித் தொடங்குறதெண்டே எங்களுக்குத் தெரியாது."

"இப்ப தொடங்கு. என்னெண்டாலும் சொல்லு."

"எனக்குக் கடல் பிடிக்காது, அப்பா. படகெண்டால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். கோபிக்கும் மணல் பிடிக்காது, அழுவான்."

"உங்களுக்கு உயிரெண்டு அம்மா சொல்லுவா."

"உயிர் அம்மாவுக்கு. தனக்கெண்டு உங்களிட்டக் கேக்க மாட்டாதானே. எங்கட பேரைச் சொன்னால் கூட்டிக்கொண்டு போவியள் எண்டு நினைப்பா."

முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகப் படகில் ஏறின. நேற்றைய பணியாள் என்னைப் பார்த்துக் கைகாட்டினான். நான் ஸ்டியரிங்கை ஒடித்து வரிசையை விட்டு வெளியே வந்து, கரையோரமாக நிறுத்தினேன்.

"ரம்யா, கடலுக்குப் போனால் அம்மா என்ன செய்வா?"

"உங்களுக்குத் தெரியாதே? ஓ, நீங்கள் காருக்குள்ள நித்திரை. முழங்கால் வரைக்கும் இறங்கி நிப்பா. ஒண்டும் கதைக்க மாட்டா. நாங்கள் கூப்பிடும் மட்டும் அப்பிடியே நிப்பா."

அழைப்பை முடித்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினேன். ஆடி மாதத்திலும் தண்ணீர் எலும்பைக் குடைந்தது. படகு என் கண்ணெதிரே அக்கரைக்குப் போனது, பிறகு திரும்பி வந்தது. கால் மரத்துப்போயும் கரையேறத் தோன்றவில்லை. யாராவது கூப்பிடும் வரை நிற்பதென்றால் நான் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை.