அப்பாவின் கழுத்தும் முனியம்மாவின் கைகளும்

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கந்தக வாடை. அப்பாவின் தலையணையில், துண்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சட்டையில்... எங்கும் அதே வாடை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். எனக்கு ஒன்பது வயது. மந்தைவெளியில் ஒண்டுக்குடித்தனம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவுக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. புடவையை உதறி விரித்துக் காட்டும் முன்வரிசை ஆள்.

தீபாவளிக்குக் கடையில் இரண்டு புதுச் சட்டை கொடுத்தார்கள். துணிக்கே ரேஷன் இருந்த காலம், அதனால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அப்பாவின் பிடரியில் காசளவுக்குச் சிவந்து தடித்தது. பிறகு கொப்புளம், நீர் வடிதல். இடுப்பிலும் அதே மாதிரி ஒன்று.

அம்மா அதை அக்கி என்றாள். குயவர் ஒருவரிடம் கூட்டிப்போய்ச் செம்மண் குழைத்து எழுதி வந்தார்கள். அடங்கவில்லை. தெருக்கோடி கம்பவுண்டர் சிரங்கு என்று சொல்லி, கந்தகக் களிம்பு ஒரு டப்பா கொடுத்தார். அதைத் தடவத் தடவ எரிச்சல்தான் ஏறியது.

ஒருநாள் கடையில் ஒரு அம்மாள், அப்பா நீட்டிய புடவையைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலமே முதலாளி கூப்பிட்டு, கொஞ்ச நாள் குடோனில் ஸ்டாக் பார்க்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னாராம்.

அப்பா இதை வீட்டில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, தலையில் பஞ்சும் தூசியுமாக வந்தவரைப் பார்த்து அம்மாவே கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டு தனி, பாய் தனி. நான் பக்கத்தில் போனால், “அங்கேயே இரு தாயி” என்பார்.

பெருவியாதியோ, அதாவது குஷ்டமோ என்ற பயம் அவருக்கு. அந்த வார்த்தையை அவரும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

கடைசியில் அம்மா பிடிவாதமாக ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன். அவர் பிடரித் தடிப்பைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார், ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். அப்பா இரண்டு தடவையும் கழுத்தை இழுத்துக்கொண்டார்.

“உணர்ச்சி நல்லா இருக்கு. நீங்க பயப்படற வியாதி இது இல்லை” என்றார் டாக்டர்.

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

டாக்டர் அதோடு விடவில்லை. அது ஏன் கழுத்திலும் இடுப்பிலும் மட்டும் வருகிறது என்று யோசித்தவர், சட்டையைக் கழற்றச் சொல்லிக் காலரைத் திருப்பினார். உள்பக்கம் கறுப்பாகச் சலவைக் குறி. வேட்டி முனையில், இடுப்பில் செருகும் இடத்தில் அதே குறி. சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்தப் பாலைத் தொட்டு, துணி வெளுக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு அடையாளத்துக்காகப் போடுகிற குறி. எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது.

மறுநாள் குறி போட்ட துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். குறி இருந்த முனையை நனைத்து வலது கையிலும், குறியில்லாத முனையை இடது கையிலும் வைத்துக் கட்டினார். துணித் தட்டுப்பாட்டில் துண்டை வெட்ட அவருக்கும் மனசில்லை. அப்பா இரண்டு கையும் ஒரே துண்டில் மாட்டிக்கொண்டு, விலங்கு போட்ட ஆள் மாதிரி வீட்டுக்கு வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டாம் நாள் அவிழ்த்தபோது வலது கையில் கொப்புளம். இடது கையில் ஒன்றுமில்லை.

எங்களுக்கெல்லாம் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டாள். எல்லா உடம்பும் ஒன்று போல இருக்காது, சிலருக்கு இந்தப் பால் ஒத்துக்கொள்ளாது, அதுவும் பல வருஷம் பட்ட பிறகுகூடத் திடீரென்று ஆரம்பிக்கும் என்றார். களிம்பை நிறுத்திவிட்டு, புண்ணில் வைக்க ஊதா நிறத் தண்ணீரும் மேலே பூசக் காலமைனும் கொடுத்தார்.

அடுத்த வாரம் அழுக்குத் துணி எடுக்க வந்த சலவைக்காரி முனியம்மாவிடம் அப்பா விஷயத்தைச் சொன்னார். அவள் திகைத்துப்போனாள்.

“அம்பது வூட்டுத் துணி ஒண்ணா கெடக்கும் நைனா. குறி இல்லாங்காட்டி உன் சட்டை எது, எதுத்தவூட்டுச் சட்டை எதுன்னு எனக்கு இன்னா தெரியும்?”

அம்மா உள்ளே போய்ச் சிவப்பு நூல் எடுத்துவந்து, ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் இரண்டு தையல் போட்டுக் காட்டினாள். முனியம்மா ஒப்புக்கொண்டு மூட்டை கட்டக் குனிந்தாள். அப்போதுதான் அப்பா அவள் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கறுத்துத் தடித்து, வெடித்துக் கிடந்தன. எத்தனை வருஷமாக அவள் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்... எங்களில் ஒருவரும் கவனித்ததில்லை.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“கல்யாணம் கட்டிக்கினு வந்ததுலேர்ந்து கீது. சவுக்காரத்துல வேலை செய்ற கை, அப்டித்தான் இருக்கும்.”

கடை லீவு நாளில் அப்பா அவளை அதே டாக்டரிடம் அழைத்துப் போனார். முக்கியக் காரணம் சவுக்காரம் இல்லை, கொட்டைதான் என்றார் டாக்டர். மருந்து கொடுத்து, இனி அதைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். முனியம்மா வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். நாலு வீட்டில்தான் நூலுக்குச் சம்மதித்தார்கள். மற்றவர்கள் நூல் அறுந்தால் துணி மாறிவிடும் என்றார்கள். பிறகு அவள் விரலில் எண்ணெய் பூசிக்கொண்டு, ஈர்க்குச்சியால் குறி போட ஆரம்பித்தாள். கை பாதி ஆறியது. முழுசாக ஆறவே இல்லை.

அப்பாவுக்கு மூன்றே வாரத்தில் தோல் உரிந்து சரியாகிவிட்டது. முதலாளியே குடோனுக்கு வந்து, “அண்ணாச்சி, முன்னால வாங்க” என்றாராம். அன்று ராத்திரி அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

போன வருஷம் எனக்கு நெற்றி ஓரத்தில் அரிப்பு. இந்த வயதிலும் டை அடிக்கிறேன், சிரிக்காதீர்கள்! அடையாறில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். முதுகில் வரிசையாக, டைச் சரக்குகள் தடவிய ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு நாளில் எடுத்துப் பார்த்து, எந்தச் சரக்கு ஆகாது என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். டையை மாற்றினேன், ஒரே வாரத்தில் குணம். அந்தக் காலத்தில் ஒரு வருஷம் பட்ட பாடு இப்போது இல்லை. அதில் சந்தோஷம்தான்.

எனக்கு எப்போதும் டை அடித்துவிடும் பார்லர் பெண் கையுறை போடுவாளா, மாட்டாளா... யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அப்பா பார்த்திருப்பார்.