மிச்சமிருந்த ஓட்டை

நெஞ்சில் ஓட்டை இருந்த காலத்தில் நான் எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் ஒரு சிற்றரசனாக இருந்தேன். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு தொப்பையும், சந்தியில் நாலு பேரைச் சிரிக்க வைத்து ஓசியில் தேத்தண்ணி குடிக்கிற பழக்கமும்தான். அன்று எனக்கு இராச்சியம் இருந்தது.

பிறக்கும்போதே இருதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. ஐந்து வயதில், சண்டையால் தரைப்பாதை மூடியிருந்தபடியால், கப்பலேறித் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு என்று கொண்டுபோய், நெஞ்சைத் திறந்து ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். பெரிய ஓட்டை மூடிவிட்டது. ஒட்டின் ஓரத்தில் சின்னதாக ஒன்று மட்டும் மிச்சம். வளரட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மிச்சத்தை வைத்துத்தான் நான் ஆறு வருடம் ஆட்சி செய்தேன்.

என் குடிமகன் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். நல்ல தண்ணிக் கிணற்றில் இருந்து சைக்கிளில் இரண்டு கான் கட்டித் தண்ணீர் கொண்டுவருவது அவன். என் புத்தகப் பையைச் சுமப்பது அவன். நான் விழுந்தால் விசாரிக்கப்படுவதும் அவன்தான். வீட்டில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. "அவனில கை வைக்காதை. அவன்ர நெஞ்சு சரியில்லை." அம்மா இதை ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லுவார். பள்ளிக்கூடத்திலும் சட்டம் அதேதான். வகுப்பு முழுக்கப் பூவரசந்தடியால் அடி வாங்கும்போது, வாத்தியார் என்னிடம் வந்ததும் தடியைக் கக்கத்துக்குள் வைத்துவிட்டு, "நீர் இரும்" என்பார். தவக்காலத்தில் தேவாலயத்தில் ஊரே முழங்காலில் நிற்க, நான் மட்டும் வாங்கில் அமர்ந்து அவர்களுடைய பாவங்களை மேற்பார்வை செய்தேன்.

எனக்கு ஒரு வித்தையும் தெரியும். காரியம் பிழையாகப் போகும்போது இடது கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை லேசாக மூடவேண்டும். அவ்வளவுதான். ஆனால் உண்மையாகவும் இளைப்பு வரும். எங்கள் வேலியில் இருந்து பக்கத்து வேலிவரை ஓடினாலே உதடு கறுத்துவிடும். நான் ஓடி முடித்ததை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. எது உண்மையான இளைப்பு, எது நான் செய்கிற இளைப்பு என்று போகப்போக எனக்கே குழம்பிவிட்டது.

சமாதானம் வந்து பாதை திறந்தபோது அப்பா என்னைத் திரும்பவும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் வந்தார். அங்கே தமிழ் பேசும் பெண் டொக்டர் ஒருவர் என் பழைய தழும்பைப் பார்த்தார், ஸ்கான் பார்த்தார். இந்த முறை வெட்டத் தேவையில்லை, காலுக்குள்ளால் போகலாம் என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. நெஞ்சு மேலே இருக்கிறது, கால் கீழே இருக்கிறது. பிழையான வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களே என்று நினைத்தேன்.

டொக்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "தொடையிடுக்கில இருக்கிற இரத்தக் குழாய்க்குள்ளால மெல்லிய ரியூப் ஒண்டு விடுவம். அது இருதயம்வரைக்கும் போகும். அதுக்குள்ளால மடிச்சு, கம்பியால தள்ளிக்கொண்டுபோற சாமான், சுவரின்ர அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டாய் விரியும். ஓட்டை நடுவில அம்பிட்டு மூடுபட்டிடும்."

காலில் இருந்து நெஞ்சுக்குப் பாதை இருக்கிறதென்றால், கடலில் இறங்கும்போது உப்புத்தண்ணீர் ஏறாதா? இதைக் கேட்க வாய் திறந்தேன். அப்பா முந்திவிட்டார். அப்பா கடற்றொழிலாளி; எந்த முடிச்சையும் இழுத்துப் பார்க்காமல் கையை விடாதவர்.

"கம்பியாலதானே தள்ளிக்கொண்டு போறியள். கம்பியைக் கழட்டேக்க அதுவும் கூட வந்திடாதோ?"

டொக்டர் அப்பாவைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "விட முதல் இழுத்துப் பாப்பம் ஐயா. அசையாட்டித்தான் கழட்டுவம்."

அப்பா கதிரையில் சாய்ந்தார். அவருக்கு வைத்தியம் முழுவதும் விளங்கிவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை; மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். எனக்கு ஒரு விசயம் மட்டும் நன்றாக விளங்கியது. ஓட்டை போனால் இராச்சியமும் போய்விடும்.

"கொஞ்சத்தை விடேலாதோ, டொக்டர்?" என்று கேட்டேன்.

"கொஞ்சத்தை விட்டபடியாத்தானே தம்பி இப்ப வந்திருக்கிறீர்," என்றார்.

மறுநாள் மயக்கம் தந்தார்கள். முழித்தபோது கால் அசைக்கக் கூடாது என்று இடுப்படியில் பாரம் வைத்திருந்தார்கள். குனிந்து நெஞ்சைப் பார்த்தேன். பழைய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. தொடையிடுக்கில் ஒரு சின்னப் பிளாஸ்டர். இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது.

ஊரிலும் அதே குழப்பம்தான். ஹோர்லிக்ஸ் போத்தலும் மாரி பிஸ்கட்டுமாக வந்த சனம் காயத்தைக் காட்டச் சொன்னது. காயம் இருந்த இடம் மாமிமாருக்குக் காட்டக்கூடிய இடமாக இல்லை. பக்கத்து வீட்டு மாமி பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டு, "வெட்டவுமில்லை, தைக்கவுமில்லை. என்னத்தைச் செய்தவங்களாம்?" என்று அம்மாவின் காதில் கேட்டார். அம்மா தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். அப்பாதான் படலைவரை போய், "இழுத்துப் பாத்துத்தான் விட்டவையாம்," என்று வந்த ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் கொழும்பு. அதே டொக்டர், அதே ஸ்கான். "வடிவாய் மூடியிட்டுது. இனி மற்றப் பிள்ளையள் மாதிரித்தான்." அம்மா இதையே மூன்று விதமாகக் கேட்டார். டொக்டரும் மூன்று விதமாகச் சொன்னார்.

ஆனால் கரம்பொனுக்குத் திரும்பியதும், டொக்டர் சொன்னதை நம்பிப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அண்ணன்தான் தண்ணீர் கொண்டுவந்தான். நான் நாலு எட்டு வேகமாக வைத்தால் அம்மா குசினிக்குள் இருந்தே, "மெல்ல, மெல்ல" என்றார். நான் இதை நல்ல சந்தர்ப்பமாக எடுத்துக்கொண்டேன். ஓட்டை இல்லாமலே ஓட்டையின் பலனை அனுபவித்தேன். இடது கை நெஞ்சுக்குப் போவது நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமைக் காலை. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அண்ணன் சைக்கிளில் கான்களைக் கட்டிவிட்டு, "ஒருக்கால் வந்து பிடியன்ரா, கயிறு வழுக்குது," என்றான். நான் கையை நெஞ்சில் வைத்தேன்.

"டொக்டர் சுகமெண்டு சொன்னவதானே."

"அவவுக்கு என்ன தெரியும்? என்ர நெஞ்சு எனக்குத்தான் தெரியும். நீ எனக்குத் தண்ணி அள்ளத்தான் பிறந்தனி. போய் அள்ளு."

அதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் வேடிக்கைகள் இன்றும் பலருக்கு அப்படித்தான் கேட்கின்றன.

அண்ணன் கயிற்றை விட்டான். கான் உருண்டது. அடுத்த கணம் என் கன்னத்தில் ஓர் அறை. வாழ்நாளில் அவன் என்னை அடித்தது அதுவே முதல் தடவை. நான் மணலில் விழுந்தேன். விழுந்தவன் கண்ணை மூடிக்கொண்டு, சாவதற்குக் காத்திருந்தேன். சாவு வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணன் தன் கையைப் பார்த்தபடி நின்றான். அடி வாங்கிய என்னைவிட அவன் முகம் வெளிறியிருந்தது. குசினி வாசலில் அம்மா அகப்பையோடு நின்றார். இனி அண்ணனின் கதை முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவோ என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீதி கிடைக்காது என்று தெரிந்ததும் நானே எழும்பினேன். கையில் அகப்பட்ட தென்னம்பாளையைத் தூக்கிக்கொண்டு அண்ணனைத் துரத்தினேன். அவன் வீட்டைச் சுற்றி ஓடினான். தீவுப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் முதலாவதாக வருகிறவன் அவன். அவனை நான் ஒரு கை தூரத்தில் துரத்திக்கொண்டே இருந்தேன்! திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தபடி ஓடினான். என்னில் அவ்வளவு பயம் என்று நினைத்துப் பாளையை இன்னும் உயர்த்தினேன். அவன் முகமெல்லாம் கண்ணீர். அடித்தவன் ஏன் அழுகிறான் என்று விளங்கவில்லை. அதைப்பற்றி யோசிக்கவும் எனக்கு அப்போது நேரமில்லை.

கடைசியில் அவன் தானாக நின்று முதுகைக் காட்டினான். ஆசை தீர நாலு போட்டேன். அவன் வாங்கிக்கொண்டான்.

அப்பா மீன் பறியோடு படலையைத் திறந்ததும் வழக்கைச் சொல்ல ஓடினேன். அம்மா எனக்கு முன்னால் போய் நின்றார். அண்ணன் அடித்ததைச் சொல்லப்போகிறார் என்று நான் கன்னத்தைத் திருப்பிக் காட்டியபடி பக்கத்தில் நின்றேன்.

"ஏழு சுத்து," என்றார் அம்மா. "வீட்டைச் சுத்தி ஏழுதரம் ஓடினவன்."

"நிண்டு நிண்டோ?"

"இல்லை. ஒரே ஓட்டம்."

"உதடு?"

"சிவப்பாய்த்தான் இருந்தது."

அப்பா பறியை மணலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தினார். தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடினார். கனநேரம் துவாயை விலக்கவில்லை.

"அப்பா, அண்ணன் எனக்கு அடிச்சவன்," என்றேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கன்னத்தின் சிவப்பு மறைவதற்குள் யாராவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அவர்களோ என் அடியை விட்டுவிட்டு, நான் ஓடியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.