இரவுகள் எல்லாம் மேட்டில்

அவுஸ்திரேலியா அவ்வளவு பெரியது என்று பிரதீபாவுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. ரொறன்ரோவில், மோர்னிங்சைட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் அந்த நாட்டின் வரைபடத்தை விரித்தால், மேற்குக் கரை மேசையைத் தாண்டி வழிந்து கதிரைவரை தொங்கியது. கோடை முழுக்க அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. சோற்றுக் கோப்பையோடு சோபாவில் இருப்பதும், பாதியில் எழும்பி வந்து படத்தைப் பார்ப்பதுமே அவளுக்கு வேலையாகப் போயிற்று. பேர்த்தில் விரலை வைத்து வடக்கே எக்ஸ்மவுத் வரை இழுத்தால், விரலுக்குக் கீழே ஊர்களைவிட வெறும் இடம்தான் அதிகம். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கொண்டுபோய் வைத்தால், பிறகு தேடித்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் பயணச் செய்தி சிட்னியில் இருக்கும் மச்சாள் கோபிகாவின் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. போனதும் அழைப்பு வந்துவிட்டது.

"சிட்னிக்கு வராமல் அவுஸ்திரேலியாவோ? ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"மச்சாள், நாங்கள் போறது மற்றப் பக்கம். ரொறன்ரோவுக்கும் வன்கூவருக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம்."

"தூரத்தை விடும். வானுக்கை படுக்கப் போறியளாம், உண்மையோ? சொந்தக்காரர் இருக்க ஏன் உங்களுக்கு உந்தச் சீவியம்? பட்டத்திலை தொங்கிறதுக்கு உங்கை வாவி இல்லையோ?"

பட்டத்தில் தொங்குவது என்றுதான் சொந்தபந்தம் முழுக்க அதற்குப் பெயர் வைத்திருந்தது. கைட்சேர்ஃபிங் என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்துப் பிரதீபா களைத்துவிட்டாள்.

பிரதீபா நகரத்தில் பஸ் ஓட்டுபவள். நாற்பத்தாறு வயது. குளிர்காலத்தில் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கதவு திறக்கிற போதெல்லாம் உள்ளே வரும் குளிருக்கு வாய்க்குள் திட்டு விழும். இப்படிப்பட்ட ஒருத்திக்குக் காற்றுப் பைத்தியம் பிடித்தது ஒரு புட்டுப் பெட்டியால். சில வருடங்களுக்கு முன்னர், வேலை முடிந்து சாப்பிடுவதற்காக, நகரத்து வாவிக்கரையான செரி பீச்சில் காரை நிறுத்தினாள். வாவியில் ஒருவன், காலில் மாட்டிய பலகையோடு, வளைந்த பெரிய பட்டம் ஒன்று இழுக்கத் தண்ணீரைக் கீறிக்கொண்டு போனான். போனவன் திடீரென்று மேலே எழும்பினான். விழவில்லை. மேலே கொஞ்ச நேரம் நின்று நிதானித்துவிட்டு, ஆறுதலாக இறங்கித் தன்பாட்டில் போனான். எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, சத்தமும் இல்லை. கையில் அள்ளிய புட்டு கையிலேயே ஆறியது. நாள் முழுக்க அவ்வளவு இரும்பை வீதியில் இழுத்துத் திரிகிறவளுக்கு, கண்ணில் படாத ஒன்று ஒரு முழு மனிதனைத் தூக்கி, பத்திரமாகக் கீழே வைத்ததிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

நீந்தத் தெரியாது. அதற்கே ஒரு குளிர்காலம் போயிற்று. சமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு நீச்சல் குளத்தில் குதித்தாள். பிறகு, செரி பீச்சில் பழக்கமான ஸ்டெபனி என்ற தாதியிடம் பட்டம் பழகினாள். முதல் கோடையில் அவள் விழுந்து விழுந்து குடித்த வாவித் தண்ணீரை ரொறன்ரோவின் குழாய்கள்கூடக் குடித்திரா. அடுத்த கோடையில் ஒருநாள் பலகையில் எழும்பி நின்றாள். காற்று அவளை இழுத்தது; அவள் போனாள். அன்று வீட்டுக்கு வந்து, சமைக்காமல், குசினிக் கதவில் சாய்ந்து நின்று அழுதாள். சந்தோசத்தில்தான்.

அவளுடைய கணவன் கிளிபோட் அந்தக் கரைக்கு அவளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறான். சாமான்களை இறக்கிக் கொடுப்பான். பிறகு காரைத் திருப்பி, மூக்கை வீதிப் பக்கம் வைத்து, வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவான். அவன் மட்டக்களப்பில், கடலை ஒட்டிய நாவலடிக்காரன். சுனாமி வந்த அன்று, மார்கழி இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள் காலை, பாண் வாங்க டவுனுக்குப் போனவன் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. தாயும் தங்கையும் கிடைக்கவே இல்லை. கலியாணம் பேசிய காலத்தில் ஒரே ஒரு முறை இதைச் சொன்னான். அதற்குப் பிறகு அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆகவே அவுஸ்திரேலியப் பயணத்துக்கு அவனை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஸ்டெபனியோடு போவதாக இருந்தாள். ஸ்டெபனிக்கு அவ்வளவு நீண்ட லீவு கிடைக்காது என்றானதும் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பலத்த காற்றில் தனியாகப் பட்டம் ஏற்றுவது ஆபத்தான வேலை. கரையில் ஒருவர் பட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நூல்கள் இறுகி, ஓட்டுகிறவர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினால்தான் விட வேண்டும். திரும்பி வரும்போது பட்டத்தைப் பிடித்து இறக்கவும் அந்த ஆள் நிற்க வேண்டும். செரி பீச்சில் இதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் படத்தில் இருந்த கரைகளிலோ கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குருவியும் இல்லை.

"நான் வாறன்," என்றான் கிளிபோட். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வான் ஓட்ட ஒரு ஆள் வேணும்தானே."

பிரதீபா படத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் சொன்னதை மாற்றிவிடுவானோ என்று பயம்.

அதன் பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாகத் திட்டம் போட்டார்கள். அவள் காற்றைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க நம்ப முடியவில்லை. அந்த நாட்டின் உள்நிலம் காலையிலிருந்து கொதிக்கும். மதியம் தாண்ட, கடல் காற்று கரையில் ஏறும். பொழுது படும்வரை அடிக்கும். மார்கழியில் பிறக்கும் அந்த நாட்டுக் கோடை முழுக்க அநேகமான நாட்களில் இதேதான். அதுவும் தெற்கிலிருந்து வடக்கே, கரையோடு ஒட்டி. வானை வடக்கே ஓட்டினால் முழுப் பயணமும் காற்றை முதுகில் வைத்துக்கொண்டு போகலாம். ரொறன்ரோவில் கிழமைக்கு ஒரு நல்ல காற்றுக்காகத் தவம் கிடப்பவள் அவள். "பஸ்கூட இப்பிடி நேரத்துக்கு வராது," என்று பஸ் ஓட்டுகிற அவளே சொன்னாள்.

வீதி கிளிபோட்டின் பொறுப்பு. அவன் வின்னிபெக் வரை ட்ரக் ஓட்டுபவன். இரவு எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்த பிறகுதான் பகலைப் பற்றி யோசிப்பது அந்தத் தொழிலின் பழக்கம். அவனும் இரவுகளில் இருந்துதான் தொடங்கினான். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு சிவப்பு ஒட்டுப் பொட்டு, அதில் பொடி எழுத்தில் திகதி. புரட்டாதி பிறந்த கையோடு, "முடிஞ்சு," என்று அவளைக் கூப்பிட்டான்.

படத்தைப் பார்த்த பிரதீபாவுக்கு முதலில் விளங்கவில்லை. பொட்டுகளில் ஒன்றுகூடக் கரையில் இல்லை. எல்லாம் உள்ளே, வெகு உள்ளே, கடல் வாசமே எட்டாத இடங்களில் இருந்தன. மூரா, முல்லேவா என்று அவள் கேள்விப்படாத ஊர்கள்.

"இது என்ன? கடலே இல்லையே இஞ்சை."

"இரவுக்கு மட்டும்தான். பகலைக்குக் கடலுக்குப் போவம். மூண்டு மணிக்கு வெளிக்கிட்டா இருட்டுறதுக்கு முதல் வந்துரலாம்."

"காத்துப் பலக்கிறதே மூண்டு மணிக்குத்தான், கிளிபோட். பிந்தி வெளிக்கிடுவம்."

"இருட்டுல கங்காரு பாயும். ஓட ஏலாது."

பிரதீபாவுக்குக் கோபம் சுறுக்கென்று ஏறியது. "எத்தினை வருசமாச் சேர்த்த லீவு. நல்ல காத்தெல்லாத்தையும் விட்டிட்டு நான் மூராவிலை போய்க் கோதுமை பாக்கவோ?"

அவன் பதிலுக்குக் கோபிக்கவில்லை. ஒரு பொட்டைத் தொட்டான். "இது இருநூறு மீற்றர் உயரம்." இன்னொன்றைத் தொட்டான். "இது அதவிடக் கூட. இந்தப் பக்கம் எனக்கு மேடு கிடைக்கல்ல, அதான் இவ்வளவு உள்ளுக்குப் போயிற்று."

பிரதீபா குனிந்து பொட்டுகளை மறுபடியும் பார்த்தாள்.

"இது என்ன கடல் எண்டு பாத்தயா?" என்று கேட்டான்.

படத்தின் இடது பக்கம் முழுக்க நீலம். அதில் அகல அகலமாக எழுதியிருந்தது: இந்து சமுத்திரம். கோடை முழுக்க அந்த எழுத்துக்கு மேலேதான் அவள் முழங்கையை ஊன்றி நின்றாள். ஒரு நாளாவது அதை நினைத்துப் பார்க்கவில்லை.

"எங்கட கடல்தான்," என்றான் அவன். "நாவலடியில நிண்டு தென்கிழக்கால பாத்தா, போய் முட்டுற கரை இதுதான். அண்டைக்கு இங்கயும் தண்ணி ஏறினதாம். நான் வாறன் எண்டு சொல்லக்குள்ளயே எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "நீ மேட்டில படுத்தாத்தான் எனக்கு நித்திரை வரும்."

இவ்வளவு காலமும் அவன் கடலுக்குப் பயந்தவன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பயந்தவன்தான். அந்தப் பயத்தோடு உட்கார்ந்து, ஒரு கண்டத்தின் கரை நெடுகிலும், ஒவ்வோர் இரவுக்கும் அவளைப் படுக்க வைக்க மேடு தேடியிருக்கிறான். கடலையும் காற்றையும் பார்த்து வியந்த கண்ணுக்கு, பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மனிதன் தெரியாமல் போய்விட்டானே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"விடுவம்," என்று படத்தை மடித்தாள். "எனக்கு வாவியே காணும்."

கிளிபோட் அதை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தான். அன்று இருவரும் நெடுநாளைக்குப் பிறகு மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். பாதிச் சோறு கோப்பைகளிலேயே மிஞ்சியது.

அடுத்த கிழமை இருவருக்கும் லீவாக இருந்த ஒருநாள், நல்ல தென்மேற்குக் காற்று. வழமைபோல அவன்தான் கூட்டிப் போனான். வழமைபோலக் காரின் மூக்கு வீதிப் பக்கம். தூறலுக்கும் குளிருக்கும் மற்றவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டெபனிக்கு அன்று வேலை. பிரதீபா பட்டத்துக்குக் காற்றடித்து, நூல்களை நீட்டி, கரையை மேலும் கீழும் பார்த்தாள். பிடித்துவிட ஆள் இல்லை. சரி, சுருட்டிக் கட்டிக்கொண்டு போவோம் என்று குனிந்தபோது கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கிளிபோட் மணலில் நடந்து வந்தான். கண்ணைப் பட்டத்திலேயே வைத்திருந்தான்.

"எங்க பிடிக்கிற?"

அவள் காட்டினாள். "நான் பெருவிரல் காட்டுமட்டும் விடக்கூடாது. தூக்கி எறியவும் கூடாது. கையைத் திறந்தால் காணும்."

நூலின் மற்ற முனைக்கு நடந்துபோய், இடுப்பில் கொழுவிக்கொண்டு பின்வாங்கினாள். நூல்கள் இறுகின. படபடத்த பட்டம் அடங்கி விறைத்தது. அலை ஒன்று வந்து அவனுடைய சப்பாத்தை நனைத்தது. அவன் ஓர் அடி பின்னால் போய், பட்டத்தை விடாமல் மறுபடியும் அதே இடத்துக்கு வந்தான். பெருவிரலைத் தூக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"காட்டு," என்று கத்தினான்.

காட்டினாள். அவன் கையைத் திறந்தான். பட்டம் வளைந்து மேலேறியது; அவள் தண்ணீருக்குள் போனாள்.

அன்று அவள் தூரம் போகவில்லை. திரும்பிப் பார்த்த போதெல்லாம் கரையில் ஒரு கறுப்பு ஜக்கெட் நின்றது. காரில் போய் இருக்கவில்லை. முதுகைக் காட்டவும் இல்லை. மனிதன் தண்ணீரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குக் காற்று, பலகை, குளிர் எல்லாம் மறந்துபோயிற்று. வாழ்க்கையில் அவள் கண்ட அதிசயங்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை.

கரைக்கு வந்தபோது பட்டத்தைப் பிசகாமல் பிடித்து இறக்கினான். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விட்டாப் பிறகும் கை இழுக்குது. காத்துக்கா இவ்வளவு பலம்?"

"ஓம். காத்துத்தான்."

"அவ்வளவு பலத்தோட," என்றான், "போன ஆளத் திருப்பிக் கொண்டாந்து விடுதே."

பிரதீபா ஈர உடுப்போடு அவனைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் படத்தை எடுத்து மேசையில் விரித்தான். பொட்டுகள் எல்லாம் அந்தந்த மேட்டிலேயே இருந்தன.

"அதுகள் அப்பிடியே இருக்கட்டும்," என்றாள் அவள். "மூண்டு மணிக்கு வெளிக்கிடுவம். மூராவிலை கோதுமையும் பாப்பம்."

அவன் தலையாட்டினான். பிறகு முல்லேவாவில் இருந்த பொட்டு ஒன்றை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்தான். கைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜெரால்டனில், நிலம் முடிந்து நீலம் தொடங்கும் கோட்டில் வைத்து அழுத்தினான். பிரதீபா குனிந்து திகதியைப் பார்த்தாள். மார்கழி இருபத்தாறு.

"அண்டைக்கு மட்டும் இருட்டும்வரைக்கும் கடலடியில நிண்டுட்டு, அங்கயே படுப்பம்," என்றான் கிளிபோட். "நீ பட்டம் ஏத்து. நான் பிடிச்சுத் தாறன்."