பட்டன் இல்லாத கோட்டு

1. மூட்டை

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு மூட்டையை அவிழ்த்தேன். ஒற்றைக் கையுறை, இரண்டு டை, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், ஒரு நீச்சல் உடை. மார்கழிக் குளிரில் நடுங்குகிற மலைக்காரனுக்கு யாரோ ஒரு புண்ணியவான் நீச்சல் உடை அனுப்பியிருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் நாயுடுபுரத்தில் ஓர் உதவிச் சங்கத்தின் துணி கோடவுன். நான் ஸ்டோர் கீப்பர். ஊரார் வேண்டாமென்று கொடுக்கும் துணிகளைத் தரம் பிரித்து, ஜீப்பில் ஏற்றி, மலைக் கிராமங்களில் கொடுக்க வேண்டும். செயலாளர் எஸ்தர் டீச்சர், ரிட்டயரான தலைமையாசிரியை. ரிட்டயரான செய்தி பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், அவருக்கு எட்டவில்லை.

அன்று அவரும் தன் வீட்டுக்காரரின் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அருமையான கோட்டு. பட்டன் இருந்த இடங்களில் நூல் நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"டீச்சர், பட்டன் எல்லாம் விழுந்துருச்சுங்களா?"

"விழல. வெட்டி எடுத்துட்டேன். நல்ல கொம்புப் பட்டன்ப்பா. சும்மா குடுக்கிற கோட்டுக்கு அது எதுக்கு?"

பிறகு கவனித்தேன். வந்த கோட்டுகளில் பாதி இப்படித்தான். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் கத்தரிக்கோல் வேலையை முடித்த பிறகுதான் கருணை கிளம்பும்.

கூட்டந்தோறும் டீச்சர் பேசுவார்: "துணியக் குப்பையில போடாதீங்க. எரிச்சா காத்து கெடும், பொதைச்சா மண்ணு கெடும். குடுத்துப் பழகுங்க." நல்ல பேச்சு, இன்றும் நம்புகிறேன். கூட்டம் முடிந்ததும், யாருக்கும் ஆகாத நைலான் துணிகளைக் கோடவுன் பின்னால் குழியில் போட்டு எரிப்பது என் சோலி. தைலமரங்களின் மணத்தை மிதித்துக்கொண்டு அந்தக் கறுப்புப் புகை ஊர் ஏரியைப் பார்க்கப் போகும்.

2. நடுங்கத் தெரியாதவள்

அந்தச் சாம்பல் கோட்டு கூக்கால் என்கிற மலைக் கிராமத்தில் பாக்கியத்துக்குப் போனது. பூண்டுக் காட்டில் கூலி வேலை செய்பவள். மறுவருஷம் நாங்கள் போனபோது அதைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். காய்ந்த தைலமரக் காய்களைச் சூடான ஊசியால் துளைத்துப் பட்டனாகத் தைத்திருந்தாள். இடுப்பில் இருமிக்கொண்டிருந்த பெண் பிள்ளையின் உடம்பில் ஒரு கந்தல் பாவாடை, அவ்வளவுதான்.

"நீயே கோட்டு கீட்டுன்னு ஜம்முனு வந்து நிக்கிறே. ஒனக்கு எதுக்கு?" என்றார் டீச்சர்.

"இது நீங்க குடுத்ததுதாங்கம்மா. இப்ப பிள்ளைக்குத்தான் கேக்கேன். ராவெல்லாம் இருமுது."

"ஒண்ணுமில்லாதவங்களுக்குத்தான் குடுக்க வந்திருக்கோம். அடுத்த ஆளு வா!"

கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்தது குற்றமாகிவிட்டது. பாக்கியம் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தாள். ஆனால் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

3. சாரல்

அதற்கடுத்த வருஷம் கூக்காலே நடுங்கிக்கொண்டு நின்றது. ஒருவர் உடம்பிலும் கம்பளி இல்லை. பாக்கியம் பல்லைத் தந்தியடிக்கவிட்டாள். டீச்சருக்குக் கண் கலங்கியது.

"பாரேன், பாவம்! போன வருஷம் குடுத்ததெல்லாம் என்னாச்சோ!"

பிள்ளைக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் கிடைத்தது. அப்போதே போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மூடுபனியோடு சாரல் இறங்கியது. ஊரே பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் ஓடியது. திரும்பி வந்தபோது ஆளுக்கொரு கோட்டு, ஸ்வெட்டர், மப்ளர். அங்கேதான் குவித்து வைத்திருந்தார்கள்.

"ஏமாத்துறீங்களா! வாங்கினத எல்லாம் திருப்பி வைங்க! ஏய், அந்தப் பிள்ளை ஸ்வெட்டரக் கழட்டு!"

பிள்ளை ஸ்வெட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. கத்திய டீச்சருக்கு நாக்கு குழறியது. ஜரிகைப் புடவை நனைந்து உடம்பு வெடவெடவென்று ஆடியது, அது நடிப்பில்லை. பாக்கியம் தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

"மொதல்ல இதப் போடுங்கம்மா. பெறகு வைவீங்களாம். பட்டன் எல்லாம் கெடக்கு, வெரசாப் போடுங்க."

டீச்சர் காலரைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்காரர் கோட்டு. ஒவ்வொரு தைலக் காயாகக் கழுத்து வரை மாட்டிக்கொண்டார். ஸ்வெட்டரைப் பற்றி அப்புறம் பேசவில்லை. கோட்டோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

4. மறுபடி மூட்டை

சில வாரம் கழித்து டீச்சர் வீட்டு மூட்டையில் அந்தக் கோட்டு வந்தது. சலவை செய்து, மடித்து. தைலக் காய்களைக் காணோம். அடுத்த கூட்டத்தில் அவை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தன. "காட்டுல கெடைக்கிற எதுவுமே வீணில்ல, பாருங்க!" என்று டீச்சர் தூக்கிக் காட்டினார். பலத்த கைதட்டல்.

நான் கோட்டை எடுத்துக்கொண்டு கூக்கால் பஸ் ஏறினேன். பாக்கியம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதையுமா வெட்டிட்டாக!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காட்டுல இன்னும் எம்புட்டோ கெடக்குங்க. ஒரு மூட்டை கட்டித் தாரேன், ஒண்ணுமில்லாதவகளுக்குக் குடுத்துருங்க."

சிவப்பு ஸ்வெட்டர்க்காரி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். இருமல் கேட்கவில்லை.

துணி கொடுக்கப்போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. கொடுக்குமுன் நீங்களே ஒருமுறை அதைப் போட்டுக் கழுத்து வரை பட்டன் மாட்டிப் பாருங்கள். மாட்ட முடிந்தால் கொடுங்கள். கத்தரிக்கோலைக் கொஞ்ச நேரம் பூட்டி வையுங்கள்.