அவர் போட்ட திருத்தம்

கல்யாணப் பேச்சு நடந்தபோது அவளுடைய பெரியப்பா காதில் ‘டிரைவர்’ என்ற ஒரு சொல் மட்டும் விழுந்துவிட்டது. “படிச்ச பொண்ண ஒரு டிரைவருக்கா குடுக்கறீங்க?” என்று குதித்தார். கம்ப்யூட்டருக்குள்ளே கெர்னல் என்கிற மைய நிரலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கும் நிரலுக்குத்தான் அந்தப் பெயர், மாப்பிள்ளை வண்டி எதுவும் ஓட்டுவதில்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்புறமும் பார்க்கிறபோதெல்லாம் “என்ன டிரைவர் மாப்ளே, சவாரி எப்படி?” என்பார். “ரோடு சரியில்ல மாமா” என்பார் இவர்.

அந்த டிரைவர் மாப்பிள்ளை, மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு நாள், ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்த பக்கத்து சீட்டுக்காரர், இறங்கும் இடம் வந்ததும் தோளைத் தட்டியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து, மின்கட்டணம் யார் கணக்கில் போகிறது என்று பார்க்க அவள் அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவருக்கு ஒரு மெயில் வந்திருந்தது. எங்கேயோ ஒரு ஊர்க்காரர், டிஸ்க் அடிக்கடி காணாமல் போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

அவர் கேட்டது ஒரு பழைய கார்டைப் பற்றி. ஒரே பெட்டிக்குள் பல டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கிற வேலை அதற்கு. அதைத் தயாரித்த கம்பெனியில்தான் அவள் கணவர் இருந்தார். விற்பனையை நிறுத்திய கம்பெனி அவரை வேறு வேலையில் போட்டுவிட்டது. ஆனால் விற்ற கார்டுகள் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் அந்தக் கார்டின் டிரைவருக்கு நேரே அவர் பெயர்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறையில் உட்கார்ந்து, கூலி வாங்காத வேலையாக அதைப் பார்த்து வந்தார்.

கேள்விக்குப் பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. சாப்பிடும்போது அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! ‘முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்’ என்று தட்டி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். மெயிலின் அடியில் அவர் பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டு போயிருந்தது. இன்னொன்று எழுதி விவரத்தைச் சொல்ல நினைத்தாள், கை வரவில்லை. மறுநாள் ‘சரியாகிவிட்டது, நன்றி ஐயா’ என்று பதில் வந்தது. இறந்த அன்று வராத அழுகை அப்போது வந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கணக்கு மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கிறவள். பிழைதான் அவள் பிழைப்பு. டிரைவர் நிரல் அவளுக்குப் புதிது. ஆனாலும் மெயில் வர வர, பதில் தேடி அவருடைய நிரலை வரி வரியாகப் படித்தாள். தெரிந்ததற்குப் பதில் எழுதினாள். தெரியாததற்கு ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றாள். எல்லாவற்றின் அடியிலும் அவர் பெயர். ஏமாற்றுகிறோம் என்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் யாரும் அவரைப் பற்றி ‘இருந்தார்’ என்று பேசவில்லை.

ஒரு வருஷம் போல இப்படி ஓடியது. பிறகு ஒரு ஸ்டூடியோக்காரர் எழுதினார். இரண்டு மெயிலுக்குப் பிறகு பொறுமை இல்லாமல் நம்பர் கேட்டு வாங்கி, போனிலேயே வந்துவிட்டார்.

“சார் இல்லீங்களா?”

“இப்ப இல்ல. என்கிட்ட சொல்லுங்க.”

“ஒரு கல்யாண ஆல்பம்மா. மேல் பாதி பொண்ணு மாப்பிள்ளை, கீழ் பாதி எவனோ ஒருத்தனோட பாஸ்போர்ட் போட்டோ. ஒண்ணு ரெண்டு இல்ல, திறக்கிற இடமெல்லாம் இப்படி இருக்கு. பொண்ணோட அப்பா சட்டையப் பிடிக்காத குறைதான். உங்க சாரோட டிரைவர நம்பித்தானே இந்தப் பெட்டிய வச்சிருக்கேன்?”

டிஸ்க் கெட்டிருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் கெட்ட டிஸ்க் படிக்க முடியவில்லை என்று சொல்லும். அடுத்தவன் படத்தைக் கொண்டுவந்து ஒட்டாது. பின்னறை அலமாரியில் அவர் சோதனைக்கென்று சேர்த்து வைத்திருந்த நொண்டி டிஸ்க்குகள் இருந்தன. ‘என் நோயாளிகள்’ என்பார். அவற்றில் இழுத்து இழுத்துப் பதில் சொல்லும் ஒன்றை எடுத்துக் கார்டில் மாட்டி, எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும்படி ஓடவிட்டாள். வெள்ளிக்கிழமை தொடங்கியது ஞாயிறு மத்தியானம் சிக்கியது. ஒரு கோப்பின் நடுவில் இன்னொரு கோப்பின் துண்டு கிடந்தது.

காரணம் தெரிந்தபோது அது வெகு சாதாரணமாக இருந்தது. டிஸ்க்குக்கு வேலை கொடுக்கும்போது டிரைவர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டோக்கன் எண் போடும். வேலை முடிந்ததும் கார்டு அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். பதில் வரத் தாமதமானால் டிரைவர் அந்த வேலையை ரத்து செய்யும். ரத்தானதைக் கார்டு உறுதி சொல்லும்வரை அந்த எண்ணை வேறு வேலைக்குத் தரக்கூடாது. இந்த நிரலோ உடனே தூக்கிக் கொடுத்துவிட்டது. பழைய வேலையின் பதில் ஆடி அசைந்து வந்து சேரும்போது, அதே எண்ணோடு காத்திருக்கும் புது வேலை தன்னுடையது முடிந்தது என்று நம்பிவிடும். தனக்கான இடத்தில் ஏற்கெனவே கிடந்த எவனோ ஒருவனின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தாள். அவரேதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் போட்ட திருத்தம். அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது. கார்டு திக்கித் திணறி நின்றுவிடுகிறது என்ற புகாரை ஒரே அடியில் தீர்த்த திருத்தம். அந்த வாரம் அவர் அவளையும் மகளையும் சினிமாவுக்குக் கூட்டிப்போனார், டிக்கெட் கிழிக்கிறவரிடம்கூடச் சிரித்துப் பேசினார். ஆறு வருஷமாக அந்த வரி எத்தனை பேருடைய எதையெல்லாம் கலந்து வைத்ததோ. ஆல்பத்தில் மாறினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு கணக்குப் புத்தகத்து எண்களில் மாறினால் யாருக்குத் தெரியும்?

உறுதி வரும்வரை எண்ணைப் பிடித்து வைக்கும்படி நிரலை மாற்றி எழுதினாள். பதினாறு வரிதான். நொண்டி டிஸ்க்கை மறுபடி ஓடவிட்டாள்; அந்த வாரம் முழுக்க ஒன்றும் கலக்கவில்லை. யாரால் வந்த தவறு என்று குறிப்பிடாமல், அவர் பெயரிலேயே அனுப்பினாள்.

கெர்னலில் டிஸ்க் சம்பந்தப்பட்ட சேமிப்புப் பகுதி முழுவதற்கும் தலைவர் ஒருவர் உண்டு. யார் எது அனுப்பினாலும் பாதியை வெட்டித் திருப்புவதால் அவருக்கு அவள் கணவர் வைத்த பெயர் கத்தரிக்கோல். முகம் பார்த்ததில்லை. கத்தரிக்கோலிடமிருந்து பதில் வந்தது: ‘நல்ல வேலை. ஆனால் எந்த மாற்றத்தால் தவறு வந்தது என்ற வரி எங்கே? அது இல்லாவிட்டால் பழைய பதிப்புகளுக்கு இது போய்ச் சேராது. இந்தக் கார்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பழைய பதிப்பில்தான் இருப்பார்கள் என்று உங்களுக்கா தெரியாது?’

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள்.

“அந்த வரி போடலன்னா என்ன ஆகும்?”

“ஸ்டூடியோக்காரருக்கும் அவர மாதிரி ஆளுங்களுக்கும் இது போகாது.”

“போட்டா?”

“தப்பு அப்பாவோடதுன்னு பதிவாகும். அழிக்க முடியாது.”

மகள் தட்டைத் தள்ளிவைத்தாள். “உலகத்துல அப்பா பேர் இருக்கிறதே அந்த ஒரு இடத்துலதான். அதுலயும் போய்க் கரியப் பூசணுமா?”

“தப்பு எல்லாரும் போடறதுதான்டி. அங்க அத யாரும் கேவலமா நினைக்க மாட்டாங்க.”

“அப்ப அப்பா போட்டிருப்பாருன்னு சொல்றியா?”

“யோசிக்காம போட்டிருப்பாரு. அடுத்த நிமிஷமே போட்டிருப்பாரு.”

“அவர் இருந்தா அவர் போடட்டும். நீ ஏன் போடற?” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

மகள் கேட்டது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. அவர் பெயரில் அவரையே குற்றம் ஒப்புக்கொள்ள வைப்பது எந்த ஊர் நியாயம்? அந்த வரியை எழுதுவதானால் தன் பெயரில்தான் எழுத வேண்டும். தன் பெயரில் எழுதினால், அவர் எங்கே என்று கேட்பார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். புது முகவரி ஒன்று திறந்தாள். திருத்தத்தின் அடியில் தவறு எந்த மாற்றத்தால் வந்தது என்ற வரி, அதற்குக் கீழே தன் பெயர். மேலே நான்கு வாக்கியம்: இந்த டிரைவரின் பராமரிப்பாளர் போன வருஷம் காலமாகிவிட்டார். அதன்பின் அவர் பெயரில் வந்த பதில்கள் நான் எழுதியவை. நான் அவர் மனைவி. மன்னிக்கவும்.

எட்டுப் பத்துப் பேர் வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். ஒருவர், முதன்முதலில் தான் அனுப்பிய திருத்தத்தை அவர்தான் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தார் என்று எழுதியிருந்தார். கத்தரிக்கோல் முதல் தடவையாக எதையும் வெட்டாமல் ஏற்றுக்கொண்டது. ‘வருந்துகிறேன். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொள்வதானால் உங்கள் பெயரைப் போடுகிறேன். இல்லையென்றால் டிரைவரை அனாதை என்று குறிப்போம், அதுதான் வழக்கம்.’ அவள் மூன்று நாள் பதில் எழுதவில்லை. அப்புறம் ‘போடுங்கள்’ என்று ஒரே சொல் எழுதினாள்.

திருத்தம் பழைய பதிப்புகளுக்கும் போய்ச் சேர்ந்ததும் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டாள்.

“அந்தப் பெட்டியையா கேக்கறீங்க? எடைக்குப் போட்டாச்சேம்மா. புதுசு வாங்கிட்டேன்.”

“படமெல்லாம்?”

“போனது போனதுதான். அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க இப்ப எதிர்ல பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க.” அப்புறம், “சார் எப்படி இருக்கார்?” என்றார்.

அவள் சொன்னாள். “தெரியாம கத்திட்டேனேம்மா அன்னிக்கு” என்றார்.

கணவரின் முகவரிக்கு வரும் மெயில் குறைந்துகொண்டே வந்து, மழைக்காலம் முடிவதற்குள் நின்றுபோனது. அவள் முகவரிக்கும் பெரிதாக எதுவும் வருவதில்லை. அந்தக் கார்டை இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், அவள் போட்ட பதினாறு வரி யாருக்காவது உதவியதா என்று அறிய வழியே இல்லை. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எல்லாம் கேட்பாள்; பின்னறையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

கெர்னலின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவள் நொண்டி டிஸ்க்கை மாட்டி ஓடவிடுகிறாள். அது கரகரவென்று இழுக்கும். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கோப்புகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.