றைஸா ராத்தா மென்ற ஒன்பது நாள்

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களெல்லாம் துரத்தப்பட்டு வந்து, கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் கிடந்தபோது எனக்கு ஏழு நாள் நினைவில்லாத காய்ச்சல். என் மகன் ஹுனைஸ் அப்போது இரண்டு மாதக் குழந்தை. பக்கத்துக் கொட்டில்களில் பாலுள்ள பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். யார் அவனுக்குப் பால் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. பிள்ளை உயிரோடு இருந்தது, அது போதும்.

இப்போது கேட்க வேண்டியதாயிற்று. கட்டாரிலிருந்து வந்த மகன், றைஸா ராத்தாவுடைய மகனின் மகள் ருஷ்தாவைத்தான் கலியாணம் முடிப்பேன் என்கிறான். அந்த மூன்று பேரில், எனக்கு அக்கா மாதிரியான றைஸா ராத்தாவும் ஒருவர். எங்கள் மார்க்கப்படி அவர் ஐந்து தரம் வயிறு நிறையப் பாலூட்டியிருந்தால் ஹுனைஸ் அவருக்குப் பிள்ளை, ருஷ்தாவுக்குச் சாச்சா, தகப்பனின் தம்பி. நிக்காஹ் கூடாது. மற்ற இருவரும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

றைஸா ராத்தா லேசுப்பட்ட ஆளில்லை. கடற்கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் முப்பது வருஷம் நின்றவர். யாருடைய பிள்ளை எந்த மழையில் பிறந்தது என்று கேட்டால், வறுத்த புளியங்கொட்டையைக் கடைவாயில் நொறுக்கிக்கொண்டே சொல்லுவார். இரண்டு வருஷத்துக்கு முன் பல் முழுவதையும் பிடுங்கினார்கள். கட்டிக் கொடுத்த பல் செட்டை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, கஞ்சியும் தேத்தண்ணியில் நனைத்த பாணுமாக இருந்தார். நான் போய்க் கேட்டபோது, "நீ யாரு புள்ள?" என்றார்.

பல்லோடு நினைவும் போனது போல இருந்தது; பல் டொக்டரிடம் போய் விசாரித்தேன். மென்று தின்னாதவர்களுக்கு மறதி கூடுவதைக் கண்டிருக்கிறார்களாம். மென்றால் தலைக்கு இரத்தம் நன்றாக ஓடுமாம். ஆனால் போனது திரும்பும் என்று சொல்ல முடியாதாம். எனக்கு விளங்கவில்லை. அரைப்பது வாய், நினைப்பது தலை. பல் போனதால் மறதி வந்ததா, மறதி வந்ததால் பல்லைப் போட மறந்தாரா?

ஆனாலும் நான் விடவில்லை. செட்டைக் கழுவி மாட்டிவிட்டு, தினமும் பகலில் போய்ப் பக்கத்தில் இருந்தேன். முதலில் பிட்டு, பிறகு சுட்ட கருவாடு, பிறகு கீறியெடுத்த தேங்காய்ச் சொட்டு. விழுங்க விடாமல் மெல்ல வைத்தேன்.

"இந்தப் பல்லால நீ மென்டு பாரு," என்று ஏசினார்.

நாலாம் நாள் ஜுனைதா என்று என் பெயரைச் சொன்னார். ஏழாம் நாள், ஹுனைஸுக்குப் பால் கொடுக்கவே இல்லை என்றார். எட்டாம் நாள், கொடுத்தேன் என்றார். உடனே, இல்லை, அது வேறு யாரோ பெற்ற பிள்ளை என்றார். எதை நான் எடுப்பது?

ஒன்பதாம் நாள் ஓட்டோக்கார முனாஸ், என்னைக் கூட்டிப்போக மகனை ஏற்றிவந்தார். முனாஸ் வாசலில் தலை நீட்டியதும், யாரென்று தெரியாமலே ராத்தா முக்காட்டைத் தலைமேல் இழுத்துவிட்டார். அந்நிய ஆணுக்குத் தலைமுடி காட்டாதவர். முனாஸ் போனதும் அது தோளில் நழுவியது. பிறகு ஹுனைஸ் உள்ளே வந்தான். ராத்தாவின் கை அசையவில்லை. நரைத்த தலையோடு அவனைப் பார்த்து மென்றுகொண்டே இருந்தார்.

"ராத்தா, முக்காடு," என்றேன்.

"என்ட புள்ளைக்கு முன்னால என்னத்துக்கு? ஏழு நாளும் இவன் ஒறங்க விடல்ல." பிறகு அவனிடமே கேட்டார்: "காச்சக்காரி எழும்பிட்டாளா மகன்?"

"எழும்பிட்டா ராத்தா," என்று நான்தான் சொன்னேன்.

நிக்காஹ் கதையை அன்றே நிறுத்தினோம். கேட்காமலே இருந்திருக்கலாமே உம்மா என்கிறான் மகன். இருந்திருக்க முடியாது. மென்றதால் வந்த நினைவா, கை எப்போதும் அறிந்திருந்ததா, அது மட்டும் எனக்கு இன்னும் குழப்பம். நாளைக்கும் கருவாடு சுட்டுக் கொண்டுபோவேன்.